உப்பளக் கரையில் கூந்தல் பாதுகாப்பு: அடுக்களைப் பொருள்களின் உதவி

தை பிறந்து பனி விலகத் தொடங்கியதும் மரக்காணத்து உப்பளங்களில் வேலை சூடு பிடிக்கிறது. அன்று முதல் ஐப்பசி மழை வந்து பாத்திகளைக் கரைக்கும் வரையில் அங்கு உழைக்கும் ஆடவருக்கும் பெண்டிருக்கும் வெயிலும் உப்புக் காற்றும் இணைபிரியாத துணை. விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பை வாரி, அதைக் கூடையில் நிரப்பித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் வரப்பின் மேல் அம்பாரமாகக் குவிக்கும் பெண்மணி, வெயில் ஏறியபின் வீடு திரும்பிச் சும்மாட்டை அவிழ்க்கும்போது தலையில் கை வைத்துப் பார்த்தால் வைக்கோலைத் தொடுவது போன்றிருக்கும். சீப்பு இறங்காது. இறங்கினால் முடியும் கூடவே வரும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை ஓர் அற்ப விஷயமென்று தள்ளிவிடலாகாது. தலை வாருவதற்கு அஞ்சி நாள் கணக்கில் முடிந்தபடியே விட்டுவிடும் தலையில் பேனும் புண்ணும் வருகின்றன. அவற்றுக்கு மருந்தென்று எதையெதையோ வாங்கித் தடவுவதில் கூலிப்பணம் கரைகிறது. தவிரவும், கடலோரக் கிராமங்களில் நல்ல தண்ணீர் எத்துணை அருமையானது என்பதை எடுத்துக் கூற வேண்டியதில்லை. குறைந்த நீரைக் கொண்டு தலையை எவ்வாறு தூய்மை செய்துகொள்வது என்பது குடும்பத்தின் பிரச்சினையாக இருப்பதோடு கிராமத்தின் பிரச்சினையாகவும் இருக்கிறது.

முதலில் காரணத்தை அறிந்துகொள்வோம். முடி என்பது கெரட்டின் என்னும் புரதத்தாலான இழை. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிரில்லை. அது காயம் பட்டால் தானாக ஆறிக்கொள்ளாது. நம் குப்பங்களில் பனையோலை வேய்ந்த கூரையை யாவரும் கண்டிருக்கிறோம். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ள ஓலைகளைப் போன்றே முடியின் மேற்புறத்தில் மெல்லிய செதில்கள் படிந்துள்ளன. ஓலை படிந்திருக்கும் வரையில் மழை உள்ளே இறங்காது. ஓலை தூக்கிக்கொண்டால் கூரை போயிற்று. செதில்கள் படிந்திருந்தால் முடி வழுவழுப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அவை எழும்பிவிட்டால் ஒரு முடி மற்றொன்றில் மாட்டிச் சிக்கு விழுகிறது.

உப்பளத்தில் இந்தச் செதில்களுக்கு எதிரிகள் மூவர். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. உப்பு விளையும் பாத்தியிலுள்ள நீரிலோ அது 250 கிராமுக்கும் மேற்பட்டிருக்கும். இந்நீர் தலையில் தெறித்தும் கூடையிலிருந்து வடிந்தும் காயும்போது முடிகளின் இடையே உப்பு மணிகளாக உறைகிறது. அதன்மேல் சும்மாடு அழுந்தி உராயும்போது மணற்காகிதம் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகிறது. இரண்டாவது எதிரி வெயில். வானத்திலிருந்து நேரே விழுவதோடு வெண்ணிற உப்பின் மேலும் நீரின் மேலும் பட்டுத் திரும்பியும் வருகிற அவ்வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் முடியின் கருநிறப் பொருளைச் சிதைத்துச் செம்பட்டையாக்குவதுடன் புரதத்தின் கட்டுகளையும் தளர்த்துகின்றன. மூன்றாவது எதிரி நாம் குளிக்கும் நீரே. அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

கடலோரக் கிணறுகளிலும் ஆழ்குழாய்களிலும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரே பெரும்பாலும் கிடைக்கிறது. சோப்பு இந்நீரில் நுரைக்காது. சோப்பிலுள்ள கொழுப்பமிலம் சுண்ணாம்புடன் சேர்ந்து பிசுபிசுப்பான வெள்ளைக் கசடாகத் திரிந்து, முடியின் மேல் மெழுகு போல ஒட்டிக்கொள்கிறது. குளித்த பின்னும் தலை பிசுக்காக இருக்கிறதென்று மேலும் சோப்பைத் தேய்ப்பார்கள். கசடும் மேலும் கூடும். மேலும் சோப்புக் காரத்தன்மை உடையது. காரம் பட்டால் முடிச் செதில்கள் எழும்பிக்கொள்ளும். துணி சோப்பைத் தலைக்குப் போடும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. அதை அறவே நிறுத்திவிட வேண்டும்.

இதைப் பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே செய்து காட்டலாம். மூடியுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்க. ஒன்றில் மழைநீர், மற்றிரண்டில் ஊர்க் கிணற்று நீர், மூன்றிலும் பாதியளவு ஊற்றுக. மழைநீரிலும் ஒரு கிணற்று நீரிலும் சுண்டைக்காய் அளவு சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினால் மழைநீர் பொங்கி நுரைக்கும்; கிணற்று நீர் கலங்கித் திரிதிரியாகும். மூன்றாவது புட்டியிலுள்ள அதே கிணற்று நீரில் ஒரு தேக்கரண்டி சீயக்காய்த் தூளைப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வரும், திரிதல் இராது. சீயக்காயில் நுரையை உண்டாக்கும் பொருள் சப்போனின் எனப்படும். அது சோப்பைப் போலச் சுண்ணாம்புடன் சேர்ந்து கசடாவதில்லை. அத்துடன் சீயக்காய்க் கரைசலில் இயற்கையாகவே சிறிது புளிப்புத் தன்மை உண்டாதலால் செதில்கள் படிந்தே நிற்கின்றன. நம் பாட்டிமார் இக்காரணங்களை அறிந்து அதைத் தெரிந்தெடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பல தலைமுறை கண்ட பலனைக் கொண்டு தெரிந்தெடுத்தார்கள். காரணம் பின்னால் வந்து சேர்ந்தது.

ஷாம்புவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சொல்லே நம் நாட்டிலிருந்து போனதுதான். பிடித்துவிடுதல் என்னும் பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்த அதை, பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் தாம் நடத்திய குளியல் நிலையத்தின் மூலம் பிரபலமாக்கினார். ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்துச் சில்லறைக் காசுக்கு விற்கலாம் என்ற யோசனை வளர்ந்த இடமோ நமக்கு மிக அண்மையில், புதுச்சேரிக்கு அப்பாலுள்ள கடலூர். அவ்வூர்ச் சின்னிகிருஷ்ணன் என்பார் தொடங்கிவைத்த முயற்சியை அவருடைய புதல்வர்கள் வளர்த்தனர். அவர்களுள் ஒருவரான சி. கே. ரங்கநாதன் 1983-இல் தனியே தொடங்கிய சிக் நிறுவனம் சிறு உறை ஷாம்புவை இந்தியக் கிராமங்களெங்கும் கொண்டு சேர்த்தது. ஷாம்பு கெடுதலானது என்று சொல்ல நான் வரவில்லை. கடின நீரிலும் அது நுரைக்கும், அவசரத்துக்கு உதவும். ஆனால் நாள்தோறும் தலை அலசியாக வேண்டிய உப்பளக் குடும்பத்தில் நாலைந்து பேருக்கு நாள்தோறும் உறை வாங்கினால் மாத முடிவில் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெற்று உறைகள் கால்வாய்க் கரையில் சேர்வதையும் பார்க்கலாம். ஒரு காலத்தில் உப்புப் படகுகள் சென்னைக்குப் போய்வந்த பக்கிங்காம் கால்வாய்க்கு இந்தக் கதி வேண்டாம்.

இனி செய்முறைக்கு வருவோம். பாத்தியில் இறங்குமுன் செய்ய வேண்டிய காரியமே முக்கியமானது. பலர் வேலை முடிந்து வந்து எண்ணெய் தடவுகிறார்கள். அது உப்பின் மேல் எண்ணெயைப் பூசுவதாகும். முதல்நாள் இரவில் அல்லது விடியற்காலையில் ஒரு தேக்கரண்டி அல்லது இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனி வரை தடவிப் பின்னிக்கொள்ள வேண்டும். 2003-ஆம் ஆண்டில் ரெலே, மொஹிலே என்ற இந்திய ஆராய்ச்சியாளர் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், முடியிலிருந்து புரதம் கழுவுண்டு போவதைக் கணிசமாகத் தடுத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று கண்டனர். அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேராகவும் இருப்பதால் முடியின் உள்ளே புகுந்துவிடுகிறது. முடி நீரை உறிஞ்சி ஊதுவது குறைகிறது. எண்ணெய் தடவியபின் வெளுத்த பருத்தித் துணியால் தலை முழுவதையும் மூடிக் கட்டி, அதன்மேல் சும்மாடு வைக்க வேண்டும். சும்மாட்டுத் துணியை அன்றன்று அலசிக் காயவைத்தல் அவசியம். உப்பு உறைந்து விறைத்த சும்மாட்டை மறுநாளும் வைப்பதால்தான் பலருக்கு உச்சியில் முடி தேய்ந்து போகிறது. பொடுகு உள்ளவர்கள் மட்டும் எண்ணெயைத் தோலில் படவிடாமல் முடிக்கு மாத்திரம் தடவுவது நல்லது. பொடுகுக்குத் தொடர்புள்ள பூஞ்சை எண்ணெய்ப் பசையையே உண்டு வளர்கிறது.

வேலை முடிந்து வந்தபின் அலசும் முறையில் சிக்கனம் வேண்டும். "உவர்நீரில் அலசி என்ன பயன்?" என்று கேட்பவர் உண்டு. பயன் உண்டு. தலையில் உறைந்திருப்பது பாத்தி உப்பு. கிணற்று நீர் உவர்த்தாலும் அதனினும் பன்மடங்கு மெல்லியது. ஆகையால் முதல் இரண்டு மூன்று சொம்புகள் உவர்நீராகவே இருக்கலாம். பெரும்பகுதி உப்பு கரைந்து போய்விடும். கடைசியாக ஊற்றும் இரண்டு சொம்பு மட்டும் நல்ல நீராக இருந்தால் போதும். உலர்ந்த உப்போடு சீப்பை இழுக்கவே கூடாது. ஈரமான பின், நுனியிலிருந்து தொடங்கி அகன்ற பல்லுள்ள சீப்பால் சிக்கெடுக்க வேண்டும்.

நாள்தோறும் சீயக்காய் தேவையில்லை. வாரம் இரண்டு முறை போதும். வீட்டுக்கு வேண்டிய தூளைத் தயாரிக்க, ஒரு கிலோ சீயக்காய்க்குப் பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், உலர்ந்த எலுமிச்சைத் தோல் இரண்டு கைப்பிடி, உலர்ந்த செம்பருத்திப் பூவும் இலையும் கிடைத்த அளவு சேர்க்கலாம். ஆவாரம்பூவும் பூலாங்கிழங்கும் மணத்துக்கு. சீயக்காய் மலைச்சரக்கு, அதை நம் கரையில் பயிரிட முயன்று ஏமாற வேண்டாம், நாட்டு மருந்துக் கடையில் வாங்குவதே சரி. மற்றவற்றை உலர்த்த மரக்காணத்து வெயிலுக்குச் சொல்ல வேண்டுமா! ஆனால் பொழுது சாயுமுன் எடுத்து மூடிவிட வேண்டும். கடற்காற்றின் ஈரம் இரவில் ஏறினால் தூள் கட்டிதட்டிப் பூசணம் பிடிக்கும்.

அரைவை மில்லில் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் வீட்டுச் சீயக்காயை ஒருமுறை மில்காரர் மிளகாய் அரைத்த கையோடு அதே இயந்திரத்தில் அரைத்துக் கொடுத்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் எழுந்த கூக்குரலைத் தெருவே வந்து விசாரித்தது. சீயக்காய்க்கென்று நாள் குறித்து அரைக்கும் மில்லைத் தேடிப் போவது நலம். மிளகாய் கலவாத சீயக்காயும் கண்ணில் பட்டால் எரியும் என்பதால், சிறு குழந்தைகளுக்குப் பயத்தம் மாவே போதுமானது.

இந்தத் தூளை நீரில் குழைப்பதைவிடச் சோறு வடித்த கஞ்சியில் குழைப்பது மேல். கஞ்சியிலுள்ள மாவுச்சத்து முடியின்மேல் மெல்லப் படர்ந்து சீயக்காயின் சொரசொரப்பைத் தணிக்கிறது. நல்ல நீரும் ஒரு சொம்பு மிச்சமாகிறது. அரிசி களைந்த இரண்டாவது கழுநீரை ஓர் இரவு மூடிவைத்து, இலேசாகப் புளித்தபின் கடைசி அலசலுக்குப் பயன்படுத்தலாம். சீன நாட்டின் குவாங்சிப் பகுதியில் ஹுவாங்லுவோ என்னும் மலைக்கிராமத்தில் வாழும் யாவ் இனப் பெண்கள், தங்கள் நீண்ட கூந்தலுக்குப் புளித்த அரிசிக் கழுநீரையே பயன்படுத்துகின்றனர். அதைக் காணவே உலகெங்குமிருந்து அங்கு மக்கள் வருகிறார்கள். நம் வீடுகளில் அது மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. மாட்டுக்கும் வேண்டியதுதான், ஒரு சொம்பு எடுத்துக்கொண்டால் மாடு கோபிக்காது.

மிகவும் வறண்டு சிக்கு விழும் கூந்தலுக்கு வெந்தயம் சிறந்தது. இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறவைத்துக் காலையில் மைய அரைத்தால், அதன் கோழைத் தன்மையுள்ள பசை வழுக்கலாக வரும். அதில் அரைக் கிண்ணம் புளித்த தயிரைக் கலந்து முடியில் தடவி, அரை மணி நேரம் விட்டு அலச வேண்டும். வெந்தயப் பசை செதில்களை மூடிப் படிகிறது. தயிரின் புளிப்பு சோப்புக் கசடை இளக்குகிறது. வெந்தயம் வாங்க இயலாதவர்கள் வேலியோரத்துச் செம்பருத்தியின் இலைகளைக் கசக்கிப் பிழிந்தால் அதே வகையான வழுவழுப்புக் கிடைக்கும். சோப்பையே பயன்படுத்தியாக வேண்டிய நாளில், ஒரு லிட்டர் நல்ல நீரில் அரை மூடி எலுமிச்சைச் சாற்றைக் கலந்து கடைசியாக ஊற்றிக்கொண்டால் காரம் தணிந்து செதில்கள் படியும். எலுமிச்சையை நேரே தலையில் தேய்க்கக் கூடாது. சாறு தோலில் இருக்கும்போது கடும் வெயில் பட்டால் தோல் வெந்து கருக்கும். உப்பளத்துக்குப் போகுமுன் எலுமிச்சை கூடவே கூடாது.

முட்டையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். முட்டையின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. மேலே படிந்து, வெந்நீர் பட்டால் வெந்து ஒட்டிக்கொள்ளும். முட்டை தலைக்குப் போவதைக் காட்டிலும் வயிற்றுக்குப் போவதே லாபம் என்பது என் அபிப்பிராயம். இரத்தச் சோகையுள்ள பெண்களுக்கு முடி கொட்டுவது இயல்பு. அவர்களுக்கு முருங்கைக் கீரையும் கேழ்வரகும் பயறும் மீனும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையும் செய்யும் வேலையை எந்தத் தைலமும் செய்யாது. பிரசவமான சில மாதங்களில் கொத்தாகக் கொட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் ஓராண்டுக்குள் மீண்டும் வளர்ந்துவிடும். நல்ல நிலையிலுள்ள தலையிலும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வதுண்டு.

குழந்தைகளின் தலையைப் பார்க்கும்போது மட்டும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். வெயிலில் விளையாடிச் செம்பட்டையான தலை வேறு; உணவில் புரதம் குறைந்து செம்பட்டையான தலை வேறு. முடி மெலிந்து, இழுத்தால் வலியின்றிக் கையோடு வருவதும், கால்வீக்கமும், குழந்தை எந்நேரமும் சோர்ந்து சிணுங்குவதும் சேர்ந்திருந்தால், எண்ணெய் தடவிக் காத்திராமல் அன்றே அங்கன்வாடிக்கோ மருத்துவரிடமோ கொண்டுபோக வேண்டும். தாய்மார் இருவரும் அளத்துக்குப் போய்விட்ட வீடுகளில் இதை முதலில் காணக்கூடியவர் பாட்டியோ பக்கத்து வீட்டாரோதான்.

பேனுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் கொடிய பழக்கத்தைப் பஞ்சாயத்துகள் முனைந்து ஒழிக்க வேண்டும். அது தோலைப் புண்ணாக்கும். அடுப்பருகே சென்றால் உயிரையே வாங்கும். முடியில் தேங்காயெண்ணெயை நன்றாகத் தடவி, பேன்சீப்பால் பகுதி பகுதியாக வாரி, வாரும்தோறும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகுமாதலால், நாலு நாளுக்கொரு முறையாக இரண்டு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் செய்து பயனில்லை. புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயச் சாறு தடவும் வழக்கத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. பாக்தாத் நகர மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட சிறு ஆய்வொன்றில் பலருக்கு முடி முளைத்தது. ஆனால் அந்நோய் பலருக்குத் தானாகவும் குணமாவதுண்டு. செதிலுதிர்ந்து அரிக்கும் வட்டப் படை, சீழ் வைத்த புண் ஆகியவற்றுக்கு அடுக்களையில் மருந்து கிடையாது. படைக்கு உள்ளே சாப்பிடும் மாத்திரை வேண்டும். "கறுப்பு மருதாணி" என்று விற்கப்படும் பொட்டலங்களில் கடும் ஒவ்வாமை தரும் சாயம் கலந்திருப்பதுண்டு. வீட்டு மருதாணி கறுக்காது, சிவக்கும். இதைக் கொண்டே இனம் காணலாம். எந்தப் புதுப்பொருளையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்தபின் தலைக்குப் போடுக.

இனி பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை. அளத்திலிருந்து ஊர் திரும்பும் பாதையில் மறைப்புள்ள குளியலிடமும் நல்ல நீர்த்தொட்டியும் அமைந்தால், பெண்கள் உப்போடு வீடு வரை நடக்க வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டடங்களுக்குக் கட்டாயம். பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் ஆகியவற்றின் மாடி நீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால், தலை அலசுவதற்கு அதற்கிணையான நீர் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுவினர் சீயக்காய்த் தூளைக் கூட்டாக அரைத்துத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். செலவு பாதியாகக் குறையும். விலைக்கு விற்க எண்ணினால் மட்டும் முன்யோசனை வேண்டும். அழகுப் பொருள்களை விற்பனைக்குத் தயாரிக்க 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டும். பொட்டலத்தில் படமும் பெயரும் அச்சடித்துவிட்டுப் பிறகு உரிமத்துக்கு ஓடுவது வீண் நஷ்டம்.

கூட்டு அரைவைக்கு ஏற்ற காலம் மார்கழிக் கடைசி. மழை ஓய்ந்து வெயில் திரும்பியிருக்கும். அளத்தில் பாத்திகளை மிதித்துச் சீர்செய்யும் வேலை முழுவீச்சில் தொடங்கியிராது. அரைத்த தூளைத் தகரத்தில் வைக்காமல், மண்சாடியிலோ கண்ணாடிப் புட்டியிலோ நிரப்பித் துணிகட்டி மூடி, அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்தால் ஆடி மாதம் வரையில் கெடாது.